பழைய நாட்டார் பாட்டு றெக்கோட் வாங்க முதல்

புறக்கோட்டைப் பக்கம் பழைய சாமான் கடையில நாட்டார் பாட்டு றெக்கோட் கண்டா உடன விலை கேக்காதீங்கோ, முதல்ல ஃபோன் டோர்ச்சைச் சரிச்சு அடிச்சுப் பாருங்கோ, மயிர்க்கோடு பரவாயில்ல, நகம் தட்டுப்படுற கீறல் எண்டா ஊசி டிக் டிக் எண்டும். நடு ஓட்டையைச் சுத்தி லேபிள்ல கோடு நிறைய இருந்தா போட்டுத் தேச்சிருக்கினம். வெள்ளைப் புள்ளி நம்ம கொழும்பு ஈரத்துக்கு வந்த பூஞ்சணம், கழுவினா அநேகமா போகும், தட்டு வளைஞ்சிருந்தா விட்டுடுங்கோ. நிமிசத்துக்கு 78 தரம் சுத்துற பழைய அரக்குத் தட்டுக்கு மட்டும் ஸ்பிரிட் போட்டுடாதீங்கோ, அரக்கு கரைஞ்சிடும், நான் ஒண்டை அப்பிடித்தான் நாசமாக்கினனான்.

விலைக்கு, பாட்டு முடியுற இடத்தில பொறிச்சிருக்கிற நம்பரை டிஸ்கொக்ஸ் (Discogs) எண்ட றெக்கோட் விபர வெப்சைட்டில அடிச்சுப் பாருங்கோ, எந்தப் பதிப்பு, என்ன விலைக்குப் போயிருக்கு எண்டு வரும். கவர் இல்லாட்டி நான் பாதிதான் குடுப்பன்.