டக்சிடோவில் பதில் எதிர்பாராமல் கோரிக்கை அனுப்புவது

தணிக்கைப் பதிவு, எஸ்எம்எஸ் அறிவிப்பு போன்ற வேலைகளுக்காக கிளையன்ட் காத்து நிற்க வேண்டியதில்லை. கிளையன்ட் கோரிக்கைகளை சர்வர்களில் உள்ள சர்வீஸ்களுக்குக் கொண்டுசேர்த்து டிரான்சாக்‌ஷன்களையும் நிர்வகிக்கும் இடைநிலை மென்பொருளான ஆரக்கிள் டக்சிடோவில் இதற்கென்றே இருப்பது, பதில் வேண்டாம் என்று சொல்லும் டிபிநோரிப்ளை (TPNOREPLY) கொடியுடன் கூடிய டிபிஏகால் (tpacall) என்ற ஃபங்ஷன்.

டிபிஇனிட் அழைத்து அப்ளிகேஷனில் சேர்ந்த பிறகு, டிபிஅல்லாக் மூலம் பஃபர் (அனுப்பும் தரவை வைக்கும் நினைவகப் பகுதி) ஒதுக்குங்கள். சி மொழியின் மல்லாக் மூலம் ஒதுக்கிய நினைவகத்தைக் கொடுத்தால் டிபிஇஇன்வால் (தவறான உள்ளீடு) பிழைதான் வரும். டிபிஏகால் அழைக்கும்போது, ஸ்ட்ரிங் (உரை), எஃப்எம்எல்32 (பெயரிட்ட புலங்கள்) வகை பஃபர்களுக்கு நீளம் 0 போதும். கேரே (வெறும் பைட்டுகள்) வகைக்கு உண்மையான நீளத்தைத் தர வேண்டும். அழைத்த பிறகும் பஃபர் உங்களுடையதே. மறுபடி பயன்படுத்தலாம், வேண்டாமென்றால் டிபிஃப்ரீ கொண்டு விடுவிக்கலாம்.

கொடியை மறந்துவிட்டால் ஒவ்வொரு அழைப்பும் ஒரு டிஸ்கிரிப்டரை (பதிலைப் பின்னர் வாங்க உதவும் அடையாள எண்) திருப்பும். அவற்றுக்கான பதில்களை டிபிகெட்ரிப்ளை கொண்டு வாங்காமல் விட்டால், நிலுவை 50 ஆனதும் அடுத்த அழைப்பு டிபிஇலிமிட் (வரம்பு எட்டியது) பிழையுடன் தோற்கும். கொடி இருந்தால் வெற்றிக்கு 0 வரும், தோல்விக்கு -1. அந்த 0, கோரிக்கை அனுப்பப்பட்டது என்பதை மட்டுமே சொல்கிறது. சர்வீஸ் டிபிஃபெயில் (தோல்வி) என்று முடித்தாலும் கிளையன்டுக்குத் தெரியாது. ஆகவே சர்வீஸே டக்சிடோவின் பதிவுக் கோப்பில் எழுதும் யூசர்லாக் மூலம் பிழையைப் பதிவு செய்ய வேண்டும்.

பலர் தடுக்கி விழும் இடம் டிரான்சாக்‌ஷன். டிபிபிகின் மூலம் டிரான்சாக்‌ஷனைத் தொடங்கிய பிறகு டிபிநோரிப்ளை மட்டும் கொடுத்தால் அழைப்பு தோற்கும். டிபிநோடிரான் கொடியையும் சேர்க்க வேண்டும். சேர்த்தால் கோரிக்கை டிரான்சாக்‌ஷனுக்கு வெளியே போய்விடும், டிரான்சாக்‌ஷனை ரத்து செய்யும் டிபிஅபார்ட் அதைத் திரும்பப் பெறாது. பணப் பரிமாற்றம் ரத்தான பிறகும் "பணம் வந்தது" என்ற எஸ்எம்எஸ் போவது இப்படித்தான். எனவே டிரான்சாக்‌ஷனை உறுதி செய்யும் டிபிகமிட் வெற்றியான பிறகே அனுப்புங்கள்.

கமிட்டுக்கும் அனுப்புவதற்கும் நடுவில் கிளையன்ட் விழுந்தால் செய்தி போகவே போகாது. அது பொறுக்க முடியாத இழப்பு என்றால் டிபிஏகாலை விட்டுவிட்டு, டிரான்சாக்‌ஷனுக்குள்ளேயே டிபிஎன்க்யூ (tpenqueue) மூலம் செய்தியைச் சேமிப்பு க்யூவில் போடுங்கள். கமிட் ஆனால் மட்டுமே செய்தி க்யூவில் தெரியும். டக்சிடோவுடன் வரும் டிஎம்க்யூஃபார்வர்ட் என்ற சர்வர் அதை எடுத்துச் சர்வீசுக்குக் கொடுக்கும். சர்வீஸ் தோற்றால், வைத்திருக்கும் மறுமுயற்சி எண்ணிக்கை வரை திரும்ப அனுப்பும், பிறகு பிழை க்யூவில் போடும். பிழை க்யூவை முதலிலேயே உருவாக்கி வைத்துவிடுங்கள்.

பதில் வேண்டாம் என்றாலும் அனுப்பும்போது காத்திருப்பு வரலாம். சர்வரின் கோரிக்கை க்யூ நிரம்பியிருந்தால் டிபிஏகால் இடம் கிடைக்கும் வரை நிற்கும். பிளாக்டைம் (அமைப்பில் வைத்த காத்திருப்பு வரம்பு) கடந்தால் டிபிஇடைம் பிழை வரும். உடனே திரும்ப வேண்டுமென்றால் டிபிநோபிளாக் கொடியைச் சேர்த்து, க்யூ நிரம்பியதால் டிபிஇபிளாக் பிழை வந்தால் என்ன செய்வது என்பதையும் எழுதிவிடுங்கள். காத்திருப்பு வரம்பையே நீக்கும் டிபிநோடைம் கொடியை மட்டும் சேர்த்துவிடாதீர்கள்: க்யூ நகராவிட்டால் கிளையன்ட் முடிவில்லாமல் தொங்கும்.