தூரப்பார்வை: வகை தெரியாமல் செய்யும் தவறுகள்

கண்ணாடிச் சீட்டில் பிளஸ் குறியைப் பார்த்ததுமே வெள்ளெழுத்து என்று முடிவு கட்டிவிடாதீர்கள். மொரீசியஸில் பிரெஞ்சில் எழுதிய சீட்டுதான் நம் கையில் அதிகம் கிடைக்கும். அதில் 'பிரெஸ்பிஸி' (presbytie) என்றிருந்தால் வெள்ளெழுத்து. நாற்பதை ஒட்டி விழிலென்ஸ் இறுகுவதால் வருவது. 'இப்பெர்மெத்ரோப்பி' (hypermétropie) என்றால் தூரப்பார்வை, அதாவது கிட்டத்தில் உள்ளதைப் பார்க்கக் கண் சிரமப்படுவது. பெரும்பாலும் விழியின் நீளம் குறைவாக இருப்பதே இதற்குக் காரணம். ஒரு மில்லிமீட்டர் குறைந்தாலே பவர் ஏறத்தாழ 3 டயாப்டர் (கண்ணாடிப் பவரின் அலகு) ஏறிவிடும். இரண்டும் ஒரே ஆளுக்கு இருக்கலாம்.

அளவை வைத்துப் பிரிப்பது எளிது. +2 வரை குறைவு, +2.25 முதல் +5 வரை நடுத்தரம், அதற்கு மேல் அதிகம். ஆனால் அந்த எண்ணை எப்படி எடுத்தார்கள் என்று யாரும் கேட்பதில்லை. என்னைக் கேட்டால், பெரிய தவறு இதுதான்.

தூரப்பார்வை உள்ள பிள்ளை, கண்ணுக்குள் இருக்கும் தசையை இறுக்கிக் குறையை ஈடுகட்டிவிடும். பள்ளியில் எழுத்து அட்டையின் கடைசி வரி வரை படித்துவிடும். அப்புறம் வீட்டுப்பாடம் எழுத உட்கார்ந்தால் தலைவலி. நாம் சோம்பேறித்தனம் என்று திட்டுவோம். இப்படித் தசை ஒளித்துவைப்பது மறைந்த தூரப்பார்வை. அந்தத் தசையைத் தளர்த்தும் சொட்டு மருந்து இல்லாத பரிசோதனையில் தெரிவது வெளிப்பட்ட தூரப்பார்வை. வெளிப்பட்டதிலும் ஒரு பகுதியைக் கண் முயன்று சமாளிக்கும். மீதியை எவ்வளவு முயன்றாலும் சமாளிக்காது. வயதாக ஆக மறைந்தது வெளியே வரும். முப்பத்தைந்தில் 'திடீரென்று வந்த' பவர் பல நேரம் பிறந்ததிலிருந்தே இருந்ததுதான்.

ஆகவே பரீட்சை வருகிறது, இரண்டு நாள் படிக்க முடியாது என்று சொட்டு மருந்தைத் தட்டிக்கழிக்காதீர்கள். சைக்ளோபென்டோலேட் என்ற சொட்டு மருந்தின் மங்கல் பெரும்பாலும் ஒரு நாளில் தெளிந்துவிடும். அட்ரோபின் என்றால்தான் ஒன்றிரண்டு வாரம் இழுக்கும். சுப்பிரமணிய பாரதி பெயர் தாங்கிய நம் அரசு கண் மருத்துவமனைக்குப் போனாலும் சரி, தனியார் மருத்துவரிடம் போனாலும் சரி, 'சொட்டு மருந்து போட்டு எடுத்த பவரா?' என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொரு பக்கம், பிளஸ் என்றாலே பயப்படவும் வேண்டாம். கைக்குழந்தைக்கு +2, +3 சாதாரணம். வளர வளரக் குறையும். ஆனால் இரண்டு மூன்று வயதில் கண் மூக்குப் பக்கம் திரும்பினால் 'அதிர்ஷ்டக் கண்' என்று காத்திருக்கக் கூடாது. கண்ணாடி தாமதமானால் அந்தக் கண் பார்வை சரியாக வளராத சோம்பல் கண்ணாகிவிடலாம்.

பெரியவர்களுக்கு ஒன்று: பிளஸ் அதிகமுள்ள குட்டைக் கண்ணில் திடீர் கண் அழுத்தம் வரும் வாய்ப்பு கூடுதல். கண் சிவந்து, வலித்து, விளக்கைச் சுற்றி வண்ண வளையம் தெரிந்தால் அன்றைக்கே ஓடுங்கள்.