எம்.பி.ஏ. படித்துக்கொண்டே இன்குபேட்டரில் இன்டர்ன்ஷிப்: நான் சமாளித்த விதம்

சென்னையில் எம்.பி.ஏ. இரண்டாம் ஆண்டு படித்தபோது, ஸ்டார்ட்அப்களுக்குக் கைகொடுக்கும் ஓர் இன்குபேட்டரில் ஆறு மாதம் இன்டர்னாக இருந்தேன். வாரத்தில் மூன்று மதியங்கள். இடம் பிடிப்பது, ரெஸ்யூமே எழுதுவது எல்லாம் உங்களுக்கே தெரிந்திருக்கும். சேர்ந்த பிறகான கதைக்கு வருகிறேன்.

படி 1: லீவுக் கணக்கு

நான் சறுக்கியது இங்கேதான். 75 சதவீத வருகை வேண்டும் என்றார்கள். மொத்தமாகக் கணக்குப் போட்டால் 81 வந்தது, நிம்மதியாக இருந்துவிட்டேன். எங்கள் கல்லூரியில் பாடவாரியாகப் பார்ப்பார்கள் என்பது உறைக்கவில்லை. புதன் மதியம் வரும் ஆபரேஷன்ஸ் மட்டும் 68-க்கு இறங்கியிருந்தது. துறைத்தலைவர் அறை வாசலில் அரை நாள் நின்றேன்.

ஆகவே பாடத்துக்கு ஒரு வரி போடுங்கள். 40 வகுப்பு என்றால் 30-க்குப் போயே ஆக வேண்டும். கையில் இருப்பது 10. காய்ச்சல், ஊர்க் கல்யாணம் என்று 3-ஐ ஒதுக்கினால் மீதி 7தான் இன்டர்ன்ஷிப்புக்கு. வகுப்பைத் தவறவிட்ட அன்றே ஒன்றைக் கழித்துவிடுங்கள். இதற்கு நோஷன் போன்ற குறிப்பு ஆப் எல்லாம் வேண்டாம், டெம்ப்ளேட்டை அழகுபடுத்துவதிலேயே ஒரு ஞாயிறு போய்விடும். கூகுள் ஷீட் தாராளம்.

படி 2: கமிட்டித் தேதிகள்

இன்குபேட்டர் வேலை சீராக வராது. கொட்டினால் ஒரேயடியாகக் கொட்டும். 2021-இல் வந்த ஸ்டார்ட்அப் இந்தியா விதை நிதித் திட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஐடியாவை நிரூபித்துக் காட்ட 20 லட்சம் ரூபாய் வரை மானியம் இருந்தது, ஆனால் தவணை தவணையாகத்தான். சொன்ன மைல்கல்லை முடித்தால்தான் அடுத்த தவணை. அதற்கான பில்களையும் ஆதாரங்களையும் திரட்டுவது யார் தலையில் விழும் என்று நினைக்கிறீர்கள்? எனவே முதல் வாரமே, நிதியை முடிவு செய்யும் கமிட்டி கூடும் தேதிகளைக் கேட்டு வாங்கி, தேர்வு அட்டவணையோடு ஒப்பிடுங்கள். மோதினால் மூன்று வாரம் முன்பே மெயில் போட்டுவிடுங்கள்.

இன்னொன்று: இந்தத் திட்டத்துக்கு விண்ணப்பிக்கும்போது கம்பெனி பதிவாகி 2 ஆண்டுக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது என்று விதி இருந்தது. இதைப் பார்க்காமல் ஒரு நிறுவனரின் பிட்ச் டெக்கை, அதாவது ஐடியாவை விளக்கும் ஸ்லைடுகளை, இரண்டு ராத்திரி செதுக்கினேன். கடைசியில் பார்த்தால் பதிவாகி மூன்று வருடம். மறுநாள் எனக்குத் தேர்வு வேறு.

படி 3: ஒரே உழைப்பு, இரண்டு இடம்

நிதி மேலாண்மை பிராஜெக்ட்டுக்குப் பெரிய கம்பெனியின் ஆண்டறிக்கையைத் தேடி அலையாதீர்கள். இன்குபேட்டரில் இருக்கும் ஒரு ஸ்டார்ட்அப்பையே எடுங்கள். உதாரணமாக, வங்கியில் 12 லட்சம், மாதச் செலவு ஒன்றரை லட்சம், வருமானம் இல்லை. எட்டு மாதம்தான் ஓடும். இந்தக் கணக்கை இன்குபேட்டருக்கு எப்படியும் போடத்தானே போகிறீர்கள்? அதையே விரிவாக எழுதினேன், நல்ல மதிப்பெண் கிடைத்தது.

படி 4: இரவு அழைப்புகள்

ஒன்பது மணிக்கு மேல் எடுக்காதீர்கள். அவ்வளவுதான்.

பின்சேர்க்கை: படி 3-ஐப் படித்துவிட்டு, “ரகசிய ஒப்பந்தத்தில் கையெழுத்து போட்டிருக்கிறோமே?” என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். சரியான கேள்வி, நான் சொல்லாமல் விட்டது தப்பு. நிறுவனரிடமும் இன்குபேட்டர் மேலாளரிடமும் மெயிலில் அனுமதி வாங்குங்கள், வாய்வார்த்தை போதாது. பெயரை எடுத்துவிட்டு, எண்கள் எல்லாவற்றையும் ஒரே விகிதத்தில் மாற்றினேன். என் பேராசிரியர் ஒத்துக்கொண்டார். உங்களுடையவர் கம்பெனி பெயர் வேண்டும் என்று அடம்பிடித்தால், வேறு தலைப்பு எடுத்துக்கொள்ளுங்கள்.