கூரையிலிருந்து இறங்கிய துத்தநாகம்

கலிபோர்னியாவில் நான் சுற்றுச்சூழல் பொறுப்பாளராகப் பணிபுரியும் உலோகப் பட்டறையிலிருந்து வழிந்து வெளியேறும் மழைநீரின் மாதிரிகளில் துத்தநாகம் தொடர்ந்து மிகுதியாகவே இருந்தது. அம்மாநிலத்தில் 2015 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள தொழிலக மழைநீர் அனுமதியின்படி, துத்தநாகத்தின் ஆண்டுச் சராசரி லிட்டருக்கு 0.26 மில்லிகிராமைத் தாண்டினால், தகுதி பெற்ற வல்லுநரைக் கொண்டு ஆலையை ஆராய்ந்து, தேவைக்கேற்ப மாசுத் தடுப்புத் திட்டத்தைத் திருத்த வேண்டும்.

ஆலோசகர் ஒருவர் உடனே வடிகட்டித் தொட்டி கட்டச் சொன்னார். மாசின் ஊற்றுக்கண் தெரியாமல் வடிகாலின் வாயில் பணத்தைக் கொட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை. ஆகவே, வெளியேறும் இடத்தில் மட்டுமன்றி, கூரைநீர்க் குழாய்கள், கழிவுலோகம் குவித்த மூலை, ஃபோர்க்லிஃப்ட் ஓடும் தளம் ஆகியவற்றிலும், நீர் ஓடத் தொடங்கிய 4 மணி நேரத்துக்குள் தனித்தனியே மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பினேன். எல்லோரும் சந்தேகித்த உலோகத் துகள்களைவிட, துத்தநாக முலாம் பூசிய பழைய தகரக் கூரையின் நீரே மோசமாக இருந்தது. மழைநீரின் இலேசான அமிலத்தன்மை முலாமைச் சிறுகச் சிறுகக் கரைக்கிறது. கரைந்த உலோகத்தைச் சாதாரண மணல் வடிகட்டி பெரும்பாலும் தடுப்பதில்லை.

மழையற்ற கோடையில் கூரைக்கு அக்ரிலிக் பூச்சு அடித்தோம். கழிவுலோகத் தொட்டிகளுக்கு மூடி போட்டோம். தளத்தை நீரால் கழுவுவதை நிறுத்தி, உறிஞ்சும் இயந்திரத்தால் பெருக்கினோம் (டயர் ரப்பரிலும் துத்தநாக ஆக்சைடு உண்டு). அடுத்த ஆண்டுச் சராசரி வரம்புக்குள் வந்தது. பூச்சு உரியக்கூடியது என்பதால், ஒவ்வொரு செப்டம்பரிலும் கூரையைப் பார்வையிடும் பணியையும் திட்டத்தில் சேர்த்திருக்கிறேன்.