ஒரே டிரைவில் இரண்டு இயங்குதளங்கள்: பாகப்பிரிவினைக் குறிப்புகள்

விண்டோஸ் ஓடும் மடிக்கணினியில் லினக்ஸையும் வைத்துத் தரச் சொல்லி யாராவது வந்தால், நான் முதலில் கேட்பவை இரண்டே கேள்விகள். கோப்புகளின் நகல் வேறொரு டிரைவில் இருக்கிறதா? பிட்லாக்கரின் (டிரைவை மறையாக்கம் செய்யும் விண்டோஸ் வசதி) மீட்புச் சாவி கையில் இருக்கிறதா? இரண்டில் ஒன்றுக்கு "தெரியவில்லை" என்று பதில் வந்தாலும் அன்றைக்கு டிரைவைத் தொட மாட்டேன்.

தங்கள் கணினியில் பிட்லாக்கர் இருப்பதே பலருக்குத் தெரிவதில்லை. விண்டோஸ் 11 கணினிகள் பலவற்றில், மைக்ரோசாஃப்ட் கணக்கில் உள்நுழைந்ததுமே டிரைவ் தானாக மறையாக்கம் ஆகிவிடுகிறது. பிறகு செக்யூர் பூட்டை (நம்பகமான இயங்குதளத்தை மட்டும் தொடங்கவிடும் அமைப்பு) மாற்றினால், அடுத்த முறை கணினி மீட்புச் சாவியான 48 இலக்க எண்ணைக் கேட்டுக்கொண்டு நிற்கும். கணக்கின் இணையப் பக்கத்தில் அந்த எண் இருக்கும். தாளில் எழுதி வையுங்கள். அதே கணினியில் சேமிப்பது சாவியை உள்ளே வைத்துக் கதவைப் பூட்டுவதுதான்.

அடுத்து, கண்ட்ரோல் பேனலின் பவர் ஆப்ஷன்ஸில் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' வசதியை அணைத்துவிடுங்கள். அது இருக்கும்வரை ஷட் டவுன் கொடுத்தாலும் விண்டோஸ் முழுதாக அணைவதில்லை. பாதித் தூக்கத்தில் இருக்கும். அந்த நிலையில் அதன் பார்ட்டிஷனில் (டிரைவில் அதற்கெனப் பிரித்த பகுதியில்) எழுத லினக்ஸ் மறுக்கும். மறுப்பதும் நியாயமே.

இனி இடம் ஒதுக்குவது. விண்டோஸின் பார்ட்டிஷனை விண்டோஸைக் கொண்டே சுருக்க வேண்டும் என்பதில் நான் பிடிவாதக்காரன். லினக்ஸ் நிறுவியும் அதைச் செய்யும். ஆனால் தன் கோப்புகள் எங்கே கிடக்கின்றன என்பது விண்டோஸுக்குத்தான் நன்றாகத் தெரியும். டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறந்து, சி டிரைவின் மேல் வலது கிளிக் செய்து 'ஷ்ரிங்க் வால்யூம்' கொடுங்கள். அங்கே அளவு எம்பியில் கேட்கப்படும். 100 ஜிபி வேண்டுமானால் 102400 என்று எழுத வேண்டும். 100 என்று எழுதிவிட்டு இடத்தைத் தேடியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இங்கேதான் பெரும்பாலோர் முட்டிக்கொள்வார்கள். சி டிரைவில் 200 ஜிபி காலியாக இருக்கும். சுருக்க முடிந்தது 30 ஜிபிதான் என்று விண்டோஸ் சொல்லும். பார்ட்டிஷனின் நடுவிலோ கடைசியிலோ, நகர்த்த முடியாத கோப்பு ஒன்று உட்கார்ந்திருப்பதே காரணம். பேஜ் ஃபைல் (நினைவகம் போதாதபோது விண்டோஸ் பயன்படுத்தும் கோப்பு), ஹைபர்னேஷன் கோப்பு, சிஸ்டம் ரீஸ்டோர் நகல்கள் ஆகியவையே வழக்கமான குற்றவாளிகள். மூன்றையும் தற்காலிகமாக அணைத்து, கணினியை மறுதொடக்கம் செய்துவிட்டு மீண்டும் முயன்றால் அனேகமாக இடம் கிடைக்கும். வேலை முடிந்ததும் பேஜ் ஃபைலை மறக்காமல் திருப்பி வைத்துவிடுங்கள்.

கிடைத்த இடம் கறுப்புப் பட்டையுடன் 'அன்அலோகேட்டட்' என்று தெரியும். அதை அப்படியே விடுங்கள். விண்டோஸிலேயே புது டிரைவாக மாற்றக் கை பரபரக்கும், வேண்டாம்.

எவ்வளவு ஒதுக்குவது? லினக்ஸ் வகைகளில் ஒன்றான உபுண்டு 25 ஜிபி போதும் என்கிறது. நிறுவ அது போதும், வாழப் போதாது. 512 ஜிபி டிரைவ் என்றால் (விண்டோஸ் அதை 476 என்றே காட்டும்) லினக்ஸுக்கு 100 கொடுப்பேன். ரூட்டுக்கு (லினக்ஸ் இயங்குதளம் இருக்கும் பகுதி) 40, மீதி ஹோமுக்கு (உங்கள் சொந்தக் கோப்புகளின் பகுதி). ஹோம் தனியாக இருந்தால் பின்னால் லினக்ஸை மாற்றும்போது சொந்தக் கோப்புகள் தப்பிக்கும். ஸ்வாப்புக்கு (நினைவகம் போதாதபோது லினக்ஸ் பயன்படுத்தும் டிரைவ் இடம்) தனிப் பார்ட்டிஷன் பெரும்பாலும் தேவையில்லை, ஸ்வாப் கோப்பே போதும். இரண்டு இயங்குதளங்களுக்கும் பொதுவாகப் படங்கள், ஆவணங்கள் வைக்க என்டிஎஃப்எஸ் (விண்டோஸின் கோப்பு வடிவம்) பார்ட்டிஷன் ஒன்று இருக்கலாம். லினக்ஸின் ஹோமை மட்டும் அதில் வைக்கக் கூடாது, கோப்பு அனுமதிகள் குழம்பிவிடும்.

நிறுவும்போது, லினக்ஸ் நிறுவி உள்ள பென் டிரைவை யூஇஎஃப்ஐ (இன்றைய கணினிகள் தொடங்கும் முறை) முறையிலேயே பூட் செய்து, பார்ட்டிஷன்களை நாமே தேர்ந்தெடுக்கும் வழியில் செல்லுங்கள். டிரைவுகளின் பெயரை நம்பாமல் அளவைப் பாருங்கள். உள் டிரைவ் என்விஎம்இ (வேகமான எஸ்எஸ்டி வகை) என்றால், எஸ்டிஏ (sda) என்ற பெயரில் தெரிவது உங்கள் பென் டிரைவாகவே இருக்கலாம். ஃபேட்32 வடிவில், பெரும்பாலும் 100 எம்பி அளவில் ஒரு சின்னப் பார்ட்டிஷன் இருக்கும். அதுதான் இஎஃப்ஐ பார்ட்டிஷன். அதை பூட் இடமாகக் காட்டுங்கள், ஆனால் ஃபார்மட் பெட்டியில் டிக் இருக்கவே கூடாது. விண்டோஸைத் தொடங்கும் கோப்புகள் அதற்குள்தான் இருக்கின்றன.

உள் டிரைவே தெரியவில்லை என்றால், பயாஸில் (கணினி தொடங்கும்போது திறக்கக்கூடிய அமைப்புத் திரை) சேமிப்பக முறை ரெய்டு அல்லது ஆர்எஸ்டியில் இருக்கக்கூடும். அதை ஏஹெச்சிஐ ஆக்க வேண்டும். நேரடியாக மாற்றினால் விண்டோஸ் தொடங்காமல் போகலாம். விண்டோஸை சேஃப் மோடுக்கு அமைத்துவிட்டு மாற்றி, ஒருமுறை சேஃப் மோடில் தொடங்கினால் சரியாகிவிடும்.

நிறுவிய பின், எந்த இயங்குதளத்தைத் தொடங்குவது என்று கேட்கும் கிரப் பட்டியலில் விண்டோஸ் வராவிட்டால் பதற வேண்டாம். கிரப் 2.06 பதிப்பிலிருந்து, பிற இயங்குதளங்களைத் தேடும் வசதி இயல்பாக அணைக்கப்பட்டிருக்கிறது. கிரப்பின் அமைப்புக் கோப்பில் அதை இயக்கி, கிரப்பைப் புதுப்பித்தால் போதும். கடிகாரம் மணிக்கணக்கில் தவறாகக் காட்டினால், விண்டோஸ் வன்பொருள் கடிகாரத்தை உள்ளூர் நேரமாகவும் லினக்ஸ் உலகப் பொது நேரமாகவும் படிப்பதுதான் காரணம். லினக்ஸை உள்ளூர் நேரத்துக்கு மாற்றிவிடுவது சுலபம்.

என்றாவது லினக்ஸை நீக்க நினைத்தால், முதலில் பூட் வரிசையில் விண்டோஸ் பூட் மேனேஜரை மேலே கொண்டுவாருங்கள். விண்டோஸ் நேராகத் தொடங்குவதைப் பார்த்த பிறகே லினக்ஸ் பார்ட்டிஷன்களை அழியுங்கள். முந்திக்கொண்டு அழித்தால், கிரப் தன் கோப்புகளைக் காணாமல் கறுப்புத் திரையில் நிற்கும். காலியான இடம் சி டிரைவுக்கு அடுத்து வலப்பக்கம் ஒட்டி இருந்தால் 'எக்ஸ்டெண்ட் வால்யூம்' அதைத் திரும்பச் சேர்த்துவிடும்.