சிகரெட்டை விட்ட பின் எடை ஏறுகிறதா? இந்தத் தவறுகள் வேண்டாம்

சிகரெட்டை விட்டு ஒன்றிரண்டு மாதம் ஆனவர்களைப் பார்த்ததுமே கண்டுபிடித்துவிடலாம். கன்னம் லேசாக உப்பியிருக்கும். சட்டையின் நடுப் பொத்தான் திணறும். சிகரெட் பெட்டி இருந்த பையில் மிட்டாய்க் காகிதம் சலசலக்கும். விட்டுப் பல வருடங்களாகிவிட்ட என்னிடம் வந்து புலம்புகிறவர்கள், அந்தக் காலத்தில் நான் அடித்த அதே கூத்தைத்தான் அடிக்கிறார்கள். நடங்கள், எண்ணெய்ப் பலகாரத்தைக் குறையுங்கள் என்பதெல்லாம் ஊருக்கே தெரியும். அதைச் சொல்லப் போவதில்லை.

விட்ட அன்றே பட்டினி கிடப்பது

இதைப் பார்த்தால் எனக்கு இன்றும் எரிச்சல் வருகிறது. எடை ஏறும் என்று யாராவது பயமுறுத்தியிருப்பார்கள். உடனே, சிகரெட்டை விடுகிற அதே திங்கட்கிழமை சோறு, இட்லி போன்ற தானிய உணவையெல்லாம் ஒதுக்கும் பேலியோ, இல்லாவிட்டால் 16 மணி நேர விரதம்.

எங்கள் தெருவில் இருசக்கர வாகன உதிரிபாகக் கடை வைத்திருக்கும் தம்பி இப்படித்தான் ஆரம்பித்தார். காலையில் இட்லி கிடையாது. பதினொரு மணிக்குக் கை நடுங்கும், தலை விண்ணென்று தெறிக்கும், பிரேக் வயர் கேட்டு வந்தவரிடம் எரிந்து விழுவார். அது பசியா, நிகோட்டின் ஏக்கமா என்று அவருக்கே தெரியவில்லை. தெரியவும் தெரியாது, படபடப்பு, எரிச்சல், கவனம் நிற்காமை என்று இரண்டும் ஒரே முகத்தோடுதான் வரும். வாரம் முடிவதற்குள், “அண்ணே, சிகரெட்டும் கிடையாது, சோறும் கிடையாது என்றால் மனிதன் எதைப் பிடித்துக்கொண்டு நிற்பது?” என்று கேட்டார். கேட்கும்போதே விரலிடுக்கில் புகைந்துகொண்டிருந்தது.

நிகோட்டின் பசியை அமுக்கும். சும்மா உட்கார்ந்திருக்கும்போது உடல் செலவழிக்கும் சக்தியையும் சற்றுக் கூட்டியே வைத்திருக்கும். அது நின்றதும் பசி திரும்புகிறது, செலவு குறைகிறது. மூக்குக்கும் நாக்குக்கும் சுரணை வந்து, ரசத்தில் பெருங்காயம் தனியாக மணக்கிறது. எடை ஏறாமல் என்ன செய்யும்? பல ஆய்வுகளைத் தொகுத்து 2012இல் வெளியான கணக்கின்படி, ஓராண்டில் ஏறுவது சராசரியாக 4 முதல் 5 கிலோ; அதில் பாதிக்கு மேல் முதல் மூன்று மாதங்களிலேயே ஏறிவிடுகிறது. ஏறத்தாழ ஆறில் ஒருவருக்கு எடை குறைந்தும் இருக்கிறது. 10 கிலோவுக்கு மேல் ஏறியவர்களும் உண்டு.

இன்னொரு பக்கத்தையும் பாருங்கள். புகைத்ததால் கூடியிருந்த மாரடைப்பு அபாயம் ஓராண்டில் ஏறத்தாழ பாதியாகிவிடுகிறது. இதற்கு முன்னால் நாலைந்து கிலோ பெரிய விஷயமே இல்லை.

அதனால் முதல் மூன்று மாதம் வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள். காலை உணவை எக்காரணம் கொண்டும் தள்ளாதீர்கள். பதினொரு மணிக்கு ஒரு கிண்ணம் சுண்டல். பெல்ட்டில் ஒரு துளை தளர்ந்தால் தளரட்டும். பேலியோவை நான்காம் மாதம் பேசிக்கொள்ளலாம். மறுமுறை முயன்றபோது தம்பி இட்லியோடுதான் ஆரம்பித்தார். தொப்பை வந்தது, சிகரெட் போனது.

சிகரெட்டுக்குப் பதில் மிட்டாய்

வாய் எதையாவது கேட்கும் என்பது உண்மைதான். அதற்காகச் சிகரெட் பிடித்த ஒவ்வொரு வேளைக்கும் ஒரு தேன்மிட்டாயா? ஏலக்காய், கிராம்பு, சோம்பு, வெள்ளரித் துண்டு போதும். ஏக்கம் சில நிமிடங்களில் தணிந்துவிடும். அதுவரை மாடிப்படி ஏறி இறங்குங்கள். பாக்கு மட்டும் வேண்டவே வேண்டாம். புகையிலை சேராத வெறும் பாக்கும் புற்றுநோய் தரும்.

பழைய கணக்கில் காபி

பலருக்கும் தெரியாத சங்கதி இது. சிகரெட் புகை, காபியில் உள்ள கஃபீனைக் கல்லீரல் வேகமாக வெளியேற்றும்படி செய்கிறது. புகை நின்றால் அந்த வேகமும் போய்விடும். அதே நான்கு டம்ளர் காபி இப்போது இரத்தத்தில் அதிக நேரம் தங்கும். இரவில் தூக்கம் வராது, நெஞ்சு படபடக்கும். பழியெல்லாம் சிகரெட்டை விட்டதன்மேல் விழும். தூக்கம் கெட்டால் மறுநாள் பசி அடங்காது. காபியைப் பாதியாகக் குறையுங்கள். தேநீருக்கும் இதே பேச்சுதான்.

இருமலைக் கண்டு மிரளுவது

“பிடித்தபோது இல்லாத இருமல், விட்ட பிறகு வருகிறதே!” என்பார்கள். புகையால் முடங்கிக் கிடந்த மூச்சுக்குழாய் நுண்மயிர்கள் மறுபடி வேலை செய்து சளியை வெளியே தள்ளுகின்றன. சில வாரங்கள் இருக்கும். சளியில் இரத்தம் கலந்தாலோ, மூச்சு வாங்கினாலோ, இருமல் நீண்டுகொண்டே போனாலோ மருத்துவரைப் பாருங்கள்.

மலச்சிக்கல்

வரும். தண்ணீர், கீரை, வாழைப்பழம்.

தினமும் எடை பார்ப்பது

வாரத்துக்கு ஒரு தடவை. அதற்கு மேல் பார்த்தால் வயிற்றெரிச்சல்தான்.

எடை குறைய ஒரே ஒரு சிகரெட்

கிடையாது. கை பரபரத்தால், சிகரெட் பெட்டியிலேயே அச்சிட்டிருக்கும், புகையிலையை விட உதவும் 1800 11 2356 என்ற கட்டணமில்லா எண்ணைக் கூப்பிடுங்கள்.

மருத்துவரிடம் தெரிவிக்காமல் இருப்பது

காபிக்குச் சொன்ன அதே காரணத்தால் சில மருந்துகளும் உடலில் கூடுதலாகத் தங்கும். வீசிங்குக்குக் கொடுக்கும் தியோஃபிலின், மனநல மருந்துகளான குளோசபின், ஓலன்சபின் ஆகியவை அந்த வகை. அளவை நீங்களாகக் குறைக்காதீர்கள். அது மருத்துவர் வேலை. சர்க்கரை நோயாளிகளுக்கு முதல் சில மாதங்கள் சர்க்கரை அளவு முன்பின்னாக ஆடலாம். மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் சாப்பாட்டு நேரத்தை மாற்றுமுன் கேட்டுக்கொள்வது கட்டாயம். சிகரெட்டை நிறுத்திய தேதியையும், சாப்பிடும் மாத்திரைகளின் பெயர்களையும் ஒரு சீட்டில் எழுதிக்கொண்டு போங்கள்.