அடிப்பிடித்ததைக் கழுவாதீர்கள்: பெஃப் பூர்கின்யோன்

பாரிசுக்கு வந்த புதிதில் எனக்குக் கிடைத்த வேலை கோப்பை கழுவுவது. பதினொராம் வட்டாரத்தில் ஒரு சின்ன உணவகம். ஒருநாள் செஃப் மாட்டிறைச்சி வதக்கி எடுத்த பெரிய இரும்புச் சட்டியை அடுப்பிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டார். அடி முழுக்கக் கபில நிறத்தில் பிடித்திருந்தது. நல்ல பிள்ளையாக நான் அதை எடுத்துக் கம்பிச் சுருளால் உரஞ்சிப் பளபளவென்று வைத்தேன். அவர் திரும்பி வந்து பார்த்துவிட்டுப் போட்ட கூச்சல் இன்னும் காதில் நிற்கிறது. அடியில் பிடித்ததில்தான் சோஸ் எழும்பும்; பத்துப் பேருக்கான சோஸை நான் தொட்டிக்குள் ஊற்றியிருந்தேன்.

பெஃப் பூர்கின்யோன் என்பது மாட்டிறைச்சியைச் சிவப்பு வைனில் மெதுவாக வேகவைப்பது. பிரான்சின் பூர்கோன் பகுதியின் இந்தச் சமையலில் நான் முதலில் படித்த பாடம் அதுதான். அப்புறம் அதே குசினியில் கத்தி பிடிக்க விட்டார்கள். (குசினி எங்களுக்குப் போர்த்துக்கீசர் விட்டுப்போன சொல். பிரெஞ்சுக்காரரும் ஏறக்குறைய அப்படியே சொல்வதைக் கேட்டு முதல்நாள் சிரித்தேன்.)

ஆறு பேருக்கு ஒன்றரைக் கிலோ இறைச்சி. கடையில் 'பலரோன்' என்று கேளுங்கள். தோள்பக்கத் துண்டு அது. நடுவே வெள்ளையாக ஒரு சவ்வு ஓடும். அதை வெட்டி எறியாதீர்கள், சோஸ் உதட்டில் ஒட்டுவது அதனால்தான். ஸ்டேக் போடுகிற விலை கூடிய மெத்தென்ற துண்டு இதற்கு உதவாது, மூன்று மணி நேரத்தில் சக்கையாகிவிடும். தீப்பெட்டியை விடக் கொஞ்சம் பெரிதாக வெட்டி, கடதாசியால் ஈரத்தை ஒற்றி, உப்புத் தடவுங்கள். முதல்நாளே வைனில் ஊறப்போடுகிறவர்கள் உண்டு. நான் போடுவதில்லை; ஈர இறைச்சி சிவக்காது.

கனமான சட்டியில் 150 கிராம் லார்தோனை, அதுதான் கொழுப்போடு கூடிய பன்றி இறைச்சித் துண்டுகளை, வதக்கி எடுத்து வையுங்கள். அந்தக் கொழுப்பிலேயே இறைச்சி. மூன்று நான்கு தடவையாகப் போடுங்கள். ஒரேயடியாகக் கொட்டினால் தண்ணீர் விட்டு அவியத் தொடங்கும். காதை வைத்துக் கேளுங்கள்: 'சர்ர்' என்றால் சரி, 'கொதகொத' என்றால் சட்டி நிறைந்துவிட்டது. போட்டதைச் சும்மா கிண்டிக்கொண்டிருக்கவும் வேண்டாம். தானாக அடியை விடும்வரை பொறுத்துப் பிரட்டுங்கள். ஒரு தடவைக்கு ஏழெட்டு நிமிடம் போகும்.

இறைச்சி எல்லாவற்றையும் எடுத்து வைத்துவிட்டு இப்போது அடியைப் பாருங்கள். கபிலம் என்றால் தங்கம். கறுத்துக் கசந்தால் மட்டும் கழுவுங்கள்.

அதற்குள் இரண்டு வெங்காயம், இரண்டு கரட், மூன்று பல் உள்ளி. வெங்காயம் விடும் தண்ணீரிலேயே பாதி கழன்று வரும். மூன்று மேசைக்கரண்டி கோதுமை மா தூவி, ஒரு கரண்டி தக்காளிக் களியும் போட்டு இரண்டு நிமிடம் கிளறுங்கள். பிறகு 75 சென்டிலீட்டர் சிவப்பு வைன், முழுப்போத்தலும். பூர்கோனின் பினோ நுவார் வைன்தான் முறை, ஆனால் விலை கூட. ஐந்து யூரோ கோத் து ரோன் வைனில் நான் குறை கண்டதில்லை. மர அகப்பையால் அடியைச் சுரண்டிக்கொண்டே கொதிக்க விடுங்கள். மூன்றில் ஒரு பங்கு வற்றினால் காரமான சாராய வாசம் போய்விடும்.

இறைச்சி, லார்தோன், 30 சென்டிலீட்டர் ஸ்டொக் (இறைச்சி அவித்த சாறு), தைம் என்ற வாசனைத் தழை இரண்டு கொப்பு, லோரியே இலை (பே லீஃப்) ஒன்று. கட்டி ஸ்டொக்கில் உப்பு ஏராளம், கவனம். மூடி, 150 பாகை போறணையில் மூன்று மணி நேரம். குமிழி ஒன்றிரண்டு சோம்பலாக வரவேண்டும், துள்ளக்கூடாது. இரண்டு மணி நேரத்தில் திறந்து பார்த்தால் இறைச்சி செருப்பு மாதிரி இருக்கும். பயப்படாதீர்கள், சவ்வு இன்னும் கரையவில்லை, அவ்வளவுதான். முள்ளுக்கரண்டியால் குத்தித் தூக்கினால் துண்டு தானாக வழுக்கி விழவேண்டும். பிரஷர் குக்கரில் ஒரு மணி நேரத்தில் மெத்தென்று ஆகிவிடும், உண்மை. ஆனால் ஆவி வெளியேறாமல் சோஸ் தண்ணீராக நிற்கும்.

கடைசியில், 250 கிராம் காளானையும் ஒரு பிடி சின்ன வெங்காயத்தையும் தனித்தனியே பட்டரில் வதக்கிச் சேருங்கள். மிளகாய்த்தூள் போடலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். நானும் ஒருமுறை போட்டேன். கறி வந்தது, பூர்கின்யோன் போய்விட்டது.

அன்றே சாப்பிடாமல் ஒரு இரவு குளிரில் வைத்தால் இன்னும் ருசி. காலையில் மேலே உறைந்த கொழுப்பை வழித்துவிட்டு, அரைக் கிளாஸ் தண்ணீரோடு மெல்லிய தணலில் சூடாக்குங்கள். உருளைக்கிழங்கோடு கொடுப்பார்கள். எனக்குப் பாண்.

எங்கள் வீட்டில் மாடு ஏறாது. ஆனபடியால் இதற்கென்று ஒரு சட்டி பால்கனி அலுமாரியில் தனியாக இருக்கிறது. போன ஞாயிறு இதைச் சூடாக்கிக்கொண்டிருக்கும்போது அம்மா வீடியோவில் வந்தார்.

"என்ன தம்பி, ஆடோ?"

"ஓமம்மா."

"நல்லாக் கறுத்துக் கிடக்கு. அடிப்பிடிச்சிட்டுதோ?"

"ஓமம்மா, அடிப்பிடிச்சிட்டுது."